தொப்பிச் சின்னம் யாருடைய பெயரைச் சொல்கிறது?

 

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களும் இங்கேயுள்ள பழைய மாணவர்களும் கொஞ்சக் காலமாக எங்களுக்குப் படங்கள் அனுப்புகிறார்கள். ஒரு பித்தளைத் தெறி, ஒரு தொப்பிச் சின்னம், துணியில் தைத்த ஒரு கழுகு. "சேர், இது என்ன? எந்தக் காலம்? விலை போகுமா?" என்று கேட்கிறார்கள். அதிகம் கேட்கப்படுவது பழைய பொலிஸ் சின்னங்களைப் பற்றி. அதிலும் ஜேர்மனியில் இருக்கிற எங்கள் ஆட்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் வாங்கியவற்றைப் பற்றி. தனித்தனியாகப் பதில் எழுதி முடியாததால் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். பொலிஸ்காரர் ஒருவர் எங்களை மறித்து "நில்" என்றால் நிற்கிறோம். அவர் தன் சொந்தப் பெயரில் அதைச் சொல்வதில்லை. அரசரின் பெயரில், குடியரசின் பெயரில், ஏதோ ஓர் ஆட்சியின் பெயரில் சொல்கிறார். அந்தப் பெயர்தான் அவருடைய தொப்பியில் இருக்கிறது. ஆட்சி மாறினால் சட்டப் புத்தகம் மாற வருடங்கள் எடுக்கும். தொப்பிச் சின்னம் சீக்கிரம் மாறிவிடும். ஆகவே பழைய சின்னம் ஒன்றை அடையாளம் காண்பது என்றால், அதை அணிந்தவர் யாருடைய பெயரில் அதிகாரம் செய்தார் என்று கண்டுபிடிப்பது. விலை அதற்குப் பிறகுதான்.

எங்கள் நாட்டிலிருந்தே தொடங்குவோம். இலங்கைப் பொலிஸ் இன்றைய வடிவத்தில் 1866 செப்டெம்பர் 3 முதல் தன் வயதைக் கணக்கிடுகிறது. அப்போது பொறுப்பேற்றவர் சேர் ஜோர்ஜ் வில்லியம் ரொபேர்ட் காம்பெல். அன்றிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் சின்னங்களில் இருந்த பொதுவான பொருள் பிரித்தானிய முடி. அந்த முடியைக் கவனமாகப் பார்த்தால் காலம் தெரியும்.

முடியின் மேல் வளைவுகள் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளம் விழாமல் வட்டமாகக் குவிந்திருந்தால் அது 1901க்கும் 1952க்கும் இடைப்பட்ட அரசர்கள் காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் 1953க்குப் பிந்திய எலிசபெத் மகாராணி காலம். விக்டோரியா காலத்து முடியிலும் இப்படி ஒரு பள்ளத்தைக் காணலாம். ஆகவே முடியை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள். 'வி.ஆர்.' என்ற ஆங்கில எழுத்துகள் விக்டோரியாவுக்கு, 1901 வரை. 'ஈ.ஆர்.' என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் வருவார்கள்: ஏழாம் எட்வேர்ட் 1901 முதல் 1910 வரை, இரண்டாம் எலிசபெத் 1952 முதல். உள்ளே இருக்கிற ரோம இலக்கம் யார் என்று சொல்லும். 'ஜி.ஆர்.' என்றாலும் இரண்டு பேர்: ஐந்தாம் ஜோர்ஜ் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜோர்ஜ் 1936 முதல் 1952 வரை.

இங்கே பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. முடி இருந்தால் அது சுதந்திரத்துக்கு முந்தியது என்று நினைக்கிறார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4. ஆனால் நாடு குடியரசானது 1972 மே 22. இடைப்பட்ட 24 வருடமும் சுதந்திர நாடாக இருந்தோம், அரச தலைவராக இருந்தது பிரித்தானிய முடி. முதல் இலங்கையரான பொலிஸ் மா அதிபர் சேர் றிச்சர்ட் அலுவிகாரை பதவிக்கு வந்தது 1947இல். தலைமை எங்கள் நாட்டவரிடம் வந்த பிறகும் அதிகாரத்தின் பெயர் முடியின் பெயராகவே இருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற இந்த விஷயத்தைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒரு சிறிய பித்தளைத் துண்டு போதும்.

நாட்டின் பெயரும் துணை செய்யும். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்று இருந்தால் 1972க்கு முந்தியது, 'ஸ்ரீ லங்கா' என்றால் பிந்தியது. தேயிலைப் பெட்டியில் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. பொலிஸில் இல்லை. எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். ஆங்கிலம் மட்டுமா, சிங்களம் இருக்கிறதா, தமிழ் இருக்கிறதா? 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தையும், 1987இல் தமிழும் அரச மொழி என்று சேர்த்த 13ஆவது திருத்தத்தையும் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

அடுத்தது, முடி இருப்பதெல்லாம் பொலிஸ் ஆகாது. தபால், சுங்கம், புகையிரதம், சிறைச்சாலை, தொண்டர் படை எல்லாவற்றின் தெறியிலும் முடி இருந்தது. ஊர்காவற்றுறை ஒரு துறைமுகம், அங்கே சுங்கம் இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் கிடைக்கிற தெறி சுங்கத்துக்குரியதாகவும் இருக்கலாம். கிராமத்தில் அன்றாட அதிகாரம் காக்கிச் சட்டைக்காரரிடம் இருந்ததைவிட மணியகாரர், உடையார், விதானையாரிடம்தான் கூடுதலாக இருந்தது. 'பொலிஸ் விதானை' என்ற சொல்லை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த முறை 1963இல் ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் வந்தார். ஆகவே "எங்கட அப்பப்பா பொலிஸில இருந்தவர்" என்று வீட்டில் சொல்லிவந்தால், எந்தப் பொலிஸ் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியாலும் சின்னங்கள் இங்கே வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவகத்திலிருந்தும் மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்கள் பலர். 'மலாயாப் பென்சன்காரர்' என்று சொன்னால் எங்கள் ஊர்களில் விளக்கம் தேவையில்லை. 1895இல் அமைந்த மலாயாக் கூட்டு அரசுகளின் கொடியில் இருந்தது பாயும் புலி. அந்த அரசின் பொருள்களில் 'எஃப்.எம்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். புலி உருவமுள்ள ஒரு பழைய உலோகத் துண்டைப் போர்க்காலத்தில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவே, வீட்டில் வைத்திருக்க யாருக்குத் துணிவு வரும்? அதே போல இலங்கைப் பொலிஸின் சின்னம் ஒன்றை வேறொரு காலத்தில் வைத்திருக்கவும் பயம்தான். இரண்டு பக்கப் பயத்திலும் கிணற்றுக்குள் போனவை எத்தனை, பனையடியில் புதைக்கப்பட்டவை எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

பொலிஸ் வரலாற்றில் எங்கள் சமூகத்துக்கு என்ன இடம் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஆம் திகதி இலங்கைப் பொலிஸ் தன் கடமையில் இறந்தவர்களை நினைவுகூருகிறது. அந்தத் திகதி 1864இல் மாவனெல்லைப் பக்கம் உத்துவன்கந்த சரதியேலைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் துவான் சபானுடைய நாள். அவர் மலாய் முஸ்லிம். சரதியேலோடு சேர்த்து 1864 மே 7 கண்டியில் தூக்கிலிடப்பட்ட கூட்டாளி மம்மலே மரிக்கார். அவரும் முஸ்லிம். ஒரே மார்க்கத்தைச் சேர்ந்த இருவர், சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். சீருடை மனிதரைப் பிரிக்கிற கோடு இனத்தின் கோடோ மார்க்கத்தின் கோடோ இல்லை என்பதற்கு இது எங்கள் மண்ணின் உதாரணம்.

இனி ஜேர்மன் சின்னங்களுக்கு வருவோம். 1980களிலிருந்து எங்கள் தீவகத்து ஆட்கள் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கி அனுப்புகிற படங்களில் நாங்கள் கண்டவற்றை வைத்துச் சொல்கிறோம். உலகத்தில் பொலிஸ் சின்னத்தை அடையாளம் காண்பது மிகக் கஷ்டமான நாடுகளில் ஜேர்மனியும் ஒன்று. காரணம், ஒரு மனிதரின் ஆயுள் காலத்துக்குள்ளேயே அங்கே நாலைந்து ஆட்சிகள் மாறின.

1918 வரை அரசர்கள் காலம். மேலே கூர்முனை வைத்த தலைக்கவசத்தை அப்போது பொலிஸாரும் அணிந்தார்கள். பிறகு 1933 வரை குடியரசு. அந்தக் காலத்தில் பொலிஸ் மாநிலங்களின் கையில் இருந்தது. 'சாக்கோ' என்று சொல்கிற உயரமான தொப்பியின் முன்னால் ஒரு நட்சத்திரத் தகடு, அதன் நடுவில் அந்தந்த மாநிலத்தின் சின்னம். பிரஷ்யாவுக்குக் கழுகு, பவேரியாவுக்குச் சாய்சதுரக் கட்டங்கள், ஹம்பேர்க்குக்குக் கோட்டை. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மாநிலம் தெரிந்துவிடும்.

1936 ஜூன் 17ஆம் திகதி ஹிட்லர் முழு நாட்டின் பொலிஸையும் ஹிம்லரின் கீழ் கொண்டுவந்தார். மாநிலச் சின்னங்கள் போயின. எல்லோருக்கும் ஒரே சின்னம் வந்தது: ஓக் இலை வளையத்துக்குள் சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் நாசிகளின் கொக்கிச் சிலுவை. இதே கழுகைச் சீருடையின் இடது கையிலும் தைத்தார்கள். எந்தப் பிரிவு என்பதை நிறம் சொல்லும். பச்சை என்றால் பெருநகரங்களின் அரச பொலிஸ். திராட்சைச் சிவப்பு என்றால் சிறு நகரசபைகளின் பொலிஸ். செம்மஞ்சள் என்றால் கிராமப்புறப் பொலிஸ். பொன் மஞ்சள் என்றால் ஆறுகளிலும் துறைமுகங்களிலும் வேலை செய்த நீர்ப் பொலிஸ். கருஞ்சிவப்பு நூலில் தைத்த கழுகு ஒன்று வந்தால் பலர் குழம்புவார்கள். அது தீயணைப்புப் படையினுடையது. 1938இல் வந்த சட்டம் ஒன்று பெருநகரத் தீயணைப்பாளர்களையும் பொலிஸின் ஒரு பிரிவாக்கியது. சில கழுகுகளின் தலைக்கு மேலே ஊரின் பெயர் தைக்கப்பட்டிருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அந்தப் பெயரை வைத்து அவர் எந்த ஊரில் கடமை பார்த்தார் என்பது வரைக்கும் போகலாம்.

1945இல் தோல்வி. கொக்கிச் சிலுவை தடைசெய்யப்பட்டது. புதிய தகடுகள் வரும் வரைக்கும் சில இடங்களில் பழைய தகட்டிலிருந்தே அந்தச் சிலுவையை அராவி எடுத்துவிட்டுப் பாவித்தார்கள். நடுவில் அராவிய தடமுள்ள கழுகு ஒன்றைக் கண்டால் "பழுதாப் போச்சு" என்று ஒதுக்க வேண்டாம். ஓர் ஆட்சி முடிந்து இன்னொன்று தொடங்கிய மாதங்கள் அந்தத் தடத்தில் இருக்கின்றன. ஆனால் நேற்று அராவிவிட்டு அப்படிச் சொல்லி விற்கிறவர்களும் உண்டு. பழைய தடமென்றால் மற்ற இடங்களைப் போலவே அதுவும் மங்கி, அழுக்கேறி இருக்கும்.

அதன் பிறகு இரண்டு ஜேர்மனி. மேற்கில் மாநிலங்களுக்கே பொலிஸ் திரும்பியது, நட்சத்திரத்தின் நடுவில் மாநிலச் சின்னமும் திரும்பியது. சில மாநிலங்களில் சாக்கோத் தொப்பி 1960கள் வரை இருந்தது. கிழக்கில் 'மக்கள் பொலிஸ்'. அவர்களின் அடையாளம் கதிர் வளையத்துக்குள் சுத்தியலும் கவராயமும். 1990 ஒக்டோபர் 3ஆம் திகதி இரண்டு ஜேர்மனியும் ஒன்றான பிறகு அந்தத் தொப்பிகளும் சின்னங்களும் பேர்ளின் தெருக்களில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்பட்டன. எங்கள் ஆட்கள் மலிவாக வாங்கிவருவதில் இந்த வகை அதிகம்.

உண்மையா போலியா என்று பார்க்கச் சில வழிகள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் அழகாகச் செய்யலாம், போலி செய்கிறவர்கள் சோம்பற்படுவது பின்பக்கத்தில்தான். அச்சில் வைத்து அடித்த பழைய தகட்டில் முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாகத் தெரியும். உருக்கி வார்த்த போலியில் விளிம்பு மழுங்கி, ஊசி முனை அளவு துளைகள் இருக்கும். செய்தவர் பெயர் பின்னால் இருக்கும்: பிரித்தானியப் பொருள்களில் லண்டன் ஃபேர்மின், பேர்மிங்ஹாம் கோண்ட், ஜேர்மன் பொருள்களில் லூடன்ஷைட் நகரத்து அஸ்மான். பெயர் மட்டும் போதாது, பெயரையும் போலியாக அடிப்பார்கள். உலோகத்தையும் பாருங்கள். போர் நீள நீள நல்ல உலோகம் ஆயுதத்துக்குப் போனது, சின்னங்கள் மலிவான துத்தநாகத்துக்கு இறங்கின. துணிச் சின்னமென்றால் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைப் பிடியுங்கள். நூல் பளிச்சென்று வெள்ளை நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்குப் பிந்திய செயற்கை நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய துணியை இன்றைய சவர்க்காரத் தூளில் தோய்த்திருந்தாலும் ஒளிரும் என்பதை மறக்க வேண்டாம்.

தயவுசெய்து பழப்புளி போட்டோ பிராஸோ போட்டோ மினுக்க வேண்டாம். மினுக்கினால் அழுக்கோடு எழுத்தும் தேயும், காலத்தின் நிறமும் போய்விடும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டி, காய்ந்த பெட்டியில் வையுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்தச் சின்னங்களைப் பற்றி எழுதுவது நீதியாகாது. அந்த 1936ஆம் ஆண்டுக் கழுகை அணிந்தவர்கள் எல்லோரும் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. சந்தியில் வாகனம் மறித்தவர்கள், களவு பிடித்தவர்கள். ஹம்பேர்க் நகரத்திலிருந்து 101ஆம் இலக்க றிசேவ் பொலிஸ் படைப்பிரிவு என்று சுமார் 500 பேர் போலந்துக்கு அனுப்பப்பட்டார்கள். நடுத்தர வயதுக்காரர், துறைமுகத் தொழிலாளர், லொறிச் சாரதிகள், குடும்பஸ்தர்கள். 1942 ஜூலை 13ஆம் திகதி யூசெஃபூவ் என்ற கிராமத்தில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகக் குறைந்தது 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தொடங்குமுன் அவர்களுடைய மேஜர் ட்ராப், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று சொன்னார். அந்த நேரம் முன்னால் வந்து விலகியவர்கள் ஒரு டசின் பேர் அளவில்தான். வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் பிரவுனிங் 1992இல் இதை ஆராய்ந்து எழுதினார்.

அயலவரைக் கொல்லவும் துரத்தவும் அரக்கர்கள் தேவையில்லை. ஒரு சின்னமும், ஒரு கட்டளையும், பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பானோ என்ற கூச்சமும் போதும். ஆகவே அந்தக் கழுகைச் சேகரியுங்கள், படியுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டி விளங்கப்படுத்துங்கள். அலங்காரமாகச் சுவரில் மாட்ட வேண்டாம், பெருமைக்குச் சட்டையில் குத்த வேண்டாம். ஜேர்மனியில் இருக்கிறவர்களுக்கு இது சட்டமும்கூட. நாசிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது அங்கே குற்றம். கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கேயும், பொலிஸ் உத்தியோகத்தர் அல்லாத ஒருவர் பொலிஸ் உடையையோ சின்னத்தையோ அணிந்து அப்படிக் காட்டிக்கொள்வது குற்றம். பழையதைச் சேகரிக்கலாம், இன்று பாவனையில் உள்ளதைத் தொட வேண்டாம்.

எங்கள் அயலில் கோயில் வாசலிலும் புதுக் கணக்குக் கொப்பியிலும் போடுகிற சுவஸ்திகத்தை இதோடு குழப்பவும் வேண்டாம். அது இவர்களுக்கு ஆயிரக்கணக்கான வருடம் முந்திய மங்கலக் குறி. வடிவம் ஒன்றாக இருக்கலாம், யாருடைய பெயரில் போடப்பட்டது என்பது வேறு.

1990 ஒக்டோபர் 3 என்று மேலே எழுதினோம். அதே மாதக் கடைசியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு மணித்தியாலம். உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் படம், மூத்தவர்களின் உத்தியோகக் கடிதம் எல்லாம் வீட்டோடு போயின. அந்த வருடங்களின் போரில் தீவகத்துத் தமிழ்ச் சொந்தங்களும் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள், அவர்கள் வீட்டுக் கடதாசிகளுக்கும் அதே கதிதான். அதற்கு ஒன்பது வருடம் முன்னர் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாகின. கடதாசியை நம்பி வரலாறு எழுத முடியாத ஊர்களில் நாம் இருக்கிறோம்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பித்தளைத் தெறி சில நேரம் ஒரு குடும்பத்தின் கடைசிச் சாட்சி. வளவு கொத்தும்போது, கிணறு இறைக்கும்போது, பழைய றங்குப் பெட்டியின் அடியில், இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பழைய இரும்பு வாங்குகிறவர் அதை நிறுத்துக் காசு தருவார். நிறுத்து வாங்கிய பிறகு அது வெறும் பித்தளை. எங்கே கிடைத்தது, யாருடைய வளவு, அந்த வீட்டில் யார் என்ன உத்தியோகம் பார்த்தார் என்ற மூன்று வரிதான் அதை வரலாறாக்குகிறது. ஜேர்மன் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் காசு கொடுப்பதும் அந்த மூன்று வரிக்குத்தான். பெயரில்லாத கழுகு சந்தை முழுக்கக் கிடக்கிறது.

ஆகவே எங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கையில் ஏதும் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள், அளவு தெரியும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். பொருளை எங்களிடம் தர வேண்டாம், விற்கவும் அவசரப்பட வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எழுதியதன் பிரதியொன்றைப் பாடசாலைக்குத் தந்தால் பிள்ளைகள் படிப்பார்கள்.

அந்தச் சின்னம் சந்தோஷமான காலத்தினுடையதாகவும் இருக்கலாம், பயந்து ஒளித்த காலத்தினுடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதுங்கள். முஸ்லிம் வீட்டுக் கதையும் தமிழ் வீட்டுக் கதையும் ஒரே கொப்பியில் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தால்தான் வேலணையின் வரலாறு முழுமையாகும்.